பெட்ரோல் காரில் விவிடி: பலனைப் புரிந்துகொண்டு ஓட்டுவது, பழுதாகாமல் காப்பது எப்படி?

பெட்ரோல் கார் வாங்கப் போனால் விவிடி, விவிடி-ஐ, விடிவிடி, ஐ-விடெக், டூயல் விவிடி என்று ஏதாவது ஒரு பெயர் கண்ணில் படாமல் இருக்காது. விவிடி என்பது வேரியபிள் வால்வு டைமிங், அதாவது என்ஜினுக்குள் காற்றை விடும், புகையை வெளியேற்றும் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் ஏற்பாடு. ஷோரூமில் கேட்டால் "மைலேஜும் வரும், பவரும் வரும் சார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி பொய்யில்லை. ஆனால் எப்போது வரும், எதனால் வரும், என்ன செய்தால் வராமல் போகும் என்று யாரும் சொல்வதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவிடியின் நிஜமான பலனை உச்சபட்ச பவர் எண்ணில் தேட வேண்டாம். 1500 முதல் 4000 ஆர்பிஎம் (என்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) வரைக்கும், நாம் தினமும் ஓட்டுகிற அந்த நடுப்பகுதியில்தான் அது வேலை செய்கிறது. அந்தப் பலன் எத்தனை வருஷம் நீடிக்கும் என்பது நீங்கள் ஊற்றும் ஆயிலைப் பொறுத்தது.

முதலில், வால்வு நேரத்தை ஏன் மாற்ற வேண்டும்?

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று சுற்றும். பிஸ்டன் மேலே இருக்கும்போது காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கும், கீழே வந்ததும் மூடும் என்று பாடப்புத்தகப் படத்தில் இருக்கும். ஓடுகிற என்ஜினில் அப்படி நடப்பதில்லை. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மறுபடி மேலே ஏற ஆரம்பித்த பிறகும், கிராங்க் இன்னும் 40, 50 டிகிரி திரும்பும் வரைக்கும் இன்டேக் வால்வைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஏனென்றால் காற்றுக்கும் எடை உண்டு, ஓடிவந்த வேகம் உண்டு. தேர்த் திருவிழாக் கூட்டம் நெருக்கிக்கொண்டு வரும்போது முன்னால் இருப்பவர் நின்றாலும் பின்னால் வருபவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்களே, அதே மாதிரி பிஸ்டன் இழுப்பதை நிறுத்திய பிறகும் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

இது வேகமாகச் சுற்றும்போது சரி. 6000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 5 மில்லி செகண்ட்தான் ஆகும், காற்று பாய்ந்து வரும், வால்வு தாமதமாக மூடினால்தான் சிலிண்டர் நிறையும். அதே என்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஐட்லிங்கில் நிற்கும்போது அந்தப் பயணத்துக்கு 37.5 மில்லி செகண்ட் ஆகிறது. காற்று மெதுவாகத்தான் வருகிறது, அதற்குத் தள்ளும் வேகம் இல்லை. இப்போதும் வால்வு தாமதமாக மூடினால், மேலே ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திரும்ப மேனிஃபோல்டுக்குள் (காற்று வரும் குழாய்க்குள்) தள்ளிவிடும். உள்ளே நிற்கும் காற்று குறைந்தால் இழுவையும் குறையும்.

இன்னொரு சிக்கல், இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் சின்ன இடைவெளி. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் திறந்துவிடும். இதை ஓவர்லேப் என்பார்கள். உயர் வேகத்தில் வெளியே பாயும் புகை, பின்னாலேயே புதுக் காற்றை இழுத்துக்கொண்டு வரும், அதனால் ஓவர்லேப் நல்லது. ஐட்லிங்கில் அது நேர் எதிர். எரிந்த புகை இன்டேக் பக்கம் புகுந்து கலவையைக் கெடுத்து என்ஜினை உதற வைக்கும். ரேஸ் கேம் போட்ட வண்டி சிக்னலில் நிற்கும்போது தடதடவென்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

ஆக, கேமை ஒரே இடத்தில் நிரந்தரமாகப் பூட்டிவிட்டால் என்ஜினை வடிவமைப்பவர் ஏதாவது ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஊருக்குள் நன்றாக இழுத்தால் ஹைவேயில் மூச்சு வாங்கும், ஹைவேயில் பறந்தால் ஊருக்குள் முக்கும். பல பத்தாண்டுகள் கார்கள் இந்தச் சமரசத்தோடுதான் ஓடின. 1980-இல் ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடர் காரில் கேமின் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் ஏற்பாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1989-இல் ஹோண்டாவின் முதல் விடெக் என்ஜின் 1.6 லிட்டரில் டர்போ இல்லாமல் 160 பிஎஸ் (குதிரைத்திறன்) கொடுத்தது. லிட்டருக்கு 100 பிஎஸ், அன்றைக்குத் தெருவில் ஓடும் காருக்கு அது பெரிய விஷயம். 90-களில் பிஎம்டபிள்யூவின் வானோஸ், டொயோட்டாவின் விவிடி-ஐ என்று எல்லோரும் வந்துவிட்டார்கள்.

உங்கள் காரில் எந்த வகை இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பெயரை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளும், உள்ளே இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதல் வகை இன்டேக் கேமை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தும். நம் ஊரில் ஓடும் சின்னப் பெட்ரோல் கார்களில் வெறும் விவிடி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இரண்டாவது, இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு கேமையும் தனித்தனியாக நகர்த்தும் டூயல் விவிடி. மூன்றாவது, திறக்கும் நேரத்தோடு வால்வு எவ்வளவு ஆழம் திறக்கிறது என்பதையும் மாற்றும் வகை. ஹோண்டாவின் விடெக் அப்படிப்பட்டது. ஒரே கேம் ஷாஃப்டில் இரண்டு விதமான லோப் (வால்வைத் தள்ளும் மேடு) இருக்கும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஆயில் அழுத்தத்தால் ஒரு பின் நகர்ந்து ராக்கர்களை (லோப்பின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் கைகளை) கோத்துவிடும், அதன் பிறகு வால்வுகள் உயரமான லோப்பின் கணக்குப்படி திறக்கும். பைக் ஓட்டுபவர்களுக்கு யமஹா ஆர்15-இன் மூன்றாம் பதிப்பிலிருந்து வரும் விவிஏ நினைவுக்கு வரும். 7400 ஆர்பிஎம்மில் மீட்டரில் விவிஏ என்று எரிகிறதே, அதுவும் லோப் மாறும் வேலைதான். பிஎம்டபிள்யூ 2001-இல் கொண்டுவந்த வால்வ்ட்ரானிக் இன்னும் ஒரு படி மேலே போய், த்ராட்டில் (காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தகடு) செய்யும் வேலையையே வால்வின் ஆழத்தை வைத்துச் செய்தது.

பானெட்டைத் திறந்து பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். டைமிங் செயின் இருக்கும் பக்கம், சிலிண்டர் ஹெட் கவருக்கு அருகில், கட்டைவிரல் பருமனில் ஒரு உருளை ஹெட்டுக்குள் செருகியிருக்கும், அதன் தலையில் இரண்டு வயர் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கும், ஒற்றை போல்ட் அதைப் பிடித்திருக்கும். அதுதான் ஆயில் கண்ட்ரோல் வால்வு. நம் மெக்கானிக்குகள் விவிடி சோலனாய்டு என்பார்கள். நான்கு சிலிண்டர் காரில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் இன்டேக் மட்டும், இரண்டு இருந்தால் டூயல். சில புதிய என்ஜின்களில் சோலனாய்டு செயின் கவரில், கேமின் நேர் முன்னால் உட்கார்ந்திருக்கும், கணக்கு அதேதான்.

டீசல் கார்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வண்டியில் இது இல்லையென்றால் குறை ஒன்றுமில்லை. டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டிலை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை, அதனால் கேமை நகர்த்துவதால் கிடைக்கும் லாபம் பெட்ரோலைவிட ரொம்பக் குறைவு.

உள்ளே என்ன நடக்கிறது

கேமின் முனையில் இருக்கும் செயின் சக்கரம் இரண்டு பாகமாக இருக்கும். வெளிக்கூடு செயினோடு சுற்றும், உள்ளே இருக்கும் இதழ் போன்ற ரோட்டார் கேமோடு போல்ட் போட்டிருக்கும். ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு பக்கமும் ஆயில் அறைகள். ஒரு பக்கம் ஆயிலை விட்டு மறுபக்கம் வடித்தால் ரோட்டார் நகரும், அதோடு கேமும் சில டிகிரி முந்தும் அல்லது பிந்தும். இந்த முழுப் பாகத்துக்கும் ஃபேசர் என்று பெயர். இன்டேக் பக்கம் நகர்வு கிராங்க் கணக்கில் சுமார் 40 முதல் 60 டிகிரி வரை இருக்கும். எந்தப் பக்கம் ஆயில் போக வேண்டும் என்று இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சோலனாய்டுக்குச் சொல்கிறது. கேம் சென்சாரும் கிராங்க் சென்சாரும் இப்போது எங்கே நிற்கிறது என்று திரும்பச் சொல்கின்றன. என்ஜின் நிற்கும்போது ஆயில் அழுத்தம் இருக்காது, அதனால் ரோட்டாரை ஒரு இடத்தில் பூட்டி வைக்க ஒரு சின்ன லாக் பின் உண்டு. இந்தப் பின்னை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய கார் பார்க்கும்போது இது பேசும்.

இதில் கவனிக்க வேண்டியது, கேமை நகர்த்தும் கை ஆயில்தான். மோட்டார் வைத்து நகர்த்தும் வகையும் உண்டு. லெக்ஸஸ் எல்எஸ் 460-இல் 2006-லேயே இன்டேக் பக்கம் அப்படி வந்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது ஆயில் வகை.

எந்த நேரத்தில் என்ன பலன்

ஐட்லிங்கில் இன்டேக் கேமைப் பின்னுக்கு வைத்து ஓவர்லேப்பைக் குறைத்துவிடும். உதறல் இல்லை, அதனால் ஐட்லிங் வேகத்தைக் குறைவாக வைக்க முடிகிறது, சிக்னலில் பெட்ரோல் மிச்சம்.

மூன்றாவது கியரில் 1800 ஆர்பிஎம், முன்னால் ஒரு மேம்பாலம் ஏற வேண்டும், ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதிக்கிறீர்கள். இப்போது கேம் முன்னுக்கு வரும், இன்டேக் வால்வு சீக்கிரம் மூடும், வந்த காற்று திரும்பிப் போகாது. பழைய கார் என்றால் இரண்டாவதுக்கு இறக்கியே ஆக வேண்டிய இடத்தில் இது அதே கியரில் ஏறும். விவிடி இருக்கும் காருக்கும் இல்லாத காருக்கும் உள்ள வித்தியாசத்தை ஓட்டுபவர் நேரடியாக உணரும் இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆர்பிஎம் ஏற ஏற வால்வு மூடும் நேரம் மறுபடி தள்ளிப்போகும், அதனால் மேலேயும் மூச்சு முட்டாது.

சமதளத்தில் 70, 80 கிலோமீட்டரில் லேசாக மிதித்து ஓட்டும்போது நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, மைலேஜ் வரும் இடமும் இதுவே. லேசான மிதியில் த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருக்கும், பிஸ்டன் அந்தச் சின்னச் சந்து வழியாகக் காற்றை உறிஞ்சி இழுக்கப் போராடும், அந்தப் போராட்டத்துக்குச் செலவாவதும் நம் பெட்ரோல்தான். கேமை நகர்த்தி எரிந்த புகையில் கொஞ்சத்தை வேண்டுமென்றே சிலிண்டருக்குள் தங்க வைத்தால், அல்லது இன்டேக் வால்வை ரொம்பத் தாமதமாக மூடி வந்த காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பினால், அதே சக்திக்கு த்ராட்டிலை இன்னும் அகலமாகத் திறந்து வைக்கலாம். உறிஞ்சும் போராட்டம் குறைகிறது. டொயோட்டா ப்ரியஸ் இந்த இரண்டாவது வழியைத்தான் அட்கின்சன் சுழற்சி என்ற பெயரில் பிடித்துக்கொண்டது. 2006-இல் வந்த ஹோண்டா சிவிக் 1.8 என்ஜினில் விடெக்கை பவருக்காக வைக்காமல், சீரான வேகத்தில் போகும்போது வால்வைத் தாமதமாக மூடி எரிபொருளை மிச்சப்படுத்தவே வைத்தார்கள். பெயர் ஒன்று, வேலை வேறு. அதனால்தான் பெயரை நம்பாதீர்கள் என்றேன்.

உள்ளே தங்கிய எரிந்த புகை இன்னொரு நன்மையும் செய்கிறது. எரியும் வெப்பநிலையைக் குறைத்து நைட்ரஜன் ஆக்ஸைடு உருவாவதை அடக்கும். அந்த வேலைக்கென்று தனியாக வைக்கும் இஜிஆர் வால்வைச் சில டூயல் விவிடி என்ஜின்களில் விட்டுவிடவே முடிந்திருக்கிறது. கரி அடைக்கும் ஒரு பாகம் குறைகிறது.

சரி, எண்ணில் எவ்வளவு? இங்கே நிதானமாகப் பாருங்கள். 2020-இல் மாருதி டிசையரில் பழைய 1.2 லிட்டர் என்ஜினை எடுத்துவிட்டு டூயல் ஜெட், டூயல் விவிடி என்ஜின் வைத்தபோது பவர் 83-இலிருந்து 90 பிஎஸ் ஆனது, டார்க் (இழுவிசை) 113 நியூட்டன் மீட்டரிலேயே நின்றது, மேனுவல் காரின் சான்றிதழ் மைலேஜ் 21.21-இலிருந்து 23.26 ஆனது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதே நேரத்தில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் வந்தது, சிக்னலில் தானே அணையும் வசதியும் வந்தது. மொத்தத்தையும் விவிடி கணக்கில் எழுதினால் அது நியாயமில்லை. டார்க்கின் உச்ச எண்ணில் விவிடி தெரியாமல் போகலாம், அந்த உச்சத்துக்கு முன்னும் பின்னும் டார்க் வரைபடத்தின் கோடு எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. பிரோஷர் அந்தக் கோட்டைப் போடுவதில்லை.

பலன் கிடைக்கும்படி ஓட்டுவது

முதல் விஷயம், ஆயில் சூடாகும் வரை விவிடி முழுசாக வேலை செய்யாது. பல கார்களில் ஆயில் குளிர்ந்திருக்கும்போது இசியு ஃபேசரை அதன் ஓய்வு நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். அதனால் காலையில் எடுத்ததும் இழுவை மந்தமாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், மிதித்து விரட்டவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்குவதும் வீண். ஸ்டார்ட் செய்து அரை நிமிஷத்தில் கிளம்பி, முதல் நாலைந்து கிலோமீட்டர் 2500 ஆர்பிஎம்முக்குள் மெதுவாகப் போங்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் அணைக்கும் கார் விவிடியின் பலனைப் பார்ப்பதே இல்லை, ஆயிலும் சீக்கிரம் கெடும். அப்படிப்பட்ட காரை வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நல்ல சாலையில் ஓட்டுங்கள்.

இரண்டாவது, கியர். ஐந்தாவதில் 1200 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு முழுசாக மிதிப்பது கூடாது. கேம் முந்தி உதவி செய்யும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து தட்டும் சத்தம்) வரும், இசியு பற்றவைப்பைப் பின்னுக்கு இழுக்கும், இருக்கும் இழுவையும் போகும். ஒன்றிரண்டு கியர் இறக்கி 1800, 2000-க்குக் கொண்டுவந்து பாதி மிதியில் ஓட்டினால் அதே ஏற்றத்தில் பெட்ரோல் குறைவாகவே ஆகும். மறுபக்கம், விவிடி இருக்கிறதே என்று ஊருக்குள் எப்போதும் 4000-க்கு மேல் விரட்டுவதிலும் பயனில்லை. உயரமான லோப் மாறும் விடெக் வகை வண்டி மட்டும் விதிவிலக்கு, அதில் ஓவர்டேக் செய்யும்போது ஆர்பிஎம்மை நன்றாக ஏற விடுங்கள், அதன் பலன் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, மிதியைச் சீராக வையுங்கள். நொடிக்கொரு தரம் மிதித்து விட்டால் இசியு ஃபேசரை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்கும், சீரான வேகத்தில் கிடைக்கும் அந்த மிச்சம் கைக்கு வராது.

ஆயில், ஆயில், ஆயில்

இங்கேதான் பலர் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் இழக்கிறார்கள். உங்கள் கார் கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் நல்லது, 20டபிள்யூ-50 போட்டுடலாம்" என்று சொல்லும் மெக்கானிக் கெட்டவர் இல்லை. அவர் கற்றுக்கொண்ட என்ஜின்களில் ஆயிலின் வேலை வழவழப்பும் குளிர்ச்சியும் மட்டும். இங்கே அதே ஆயில் நூல் போன்ற வழிகளில் புகுந்து ஃபேசரைக் கணக்காக நகர்த்த வேண்டும். கெட்டி ஆயிலில் அந்த நகர்வு தாமதமாகும், இசியு கேட்ட இடத்துக்கும் கேம் நிற்கும் இடத்துக்கும் இடைவெளி விழும், செக் என்ஜின் லைட் எரியும்.

மாற்றும் இடைவெளியையும் தள்ளிப்போடாதீர்கள். கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்றால், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வருஷத்துக்கு 4000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்பதற்காக இரண்டு வருஷம் ஓட்டாதீர்கள். ட்ராஃபிக்கில் ஊர்ந்தே ஓடும் வண்டி என்றால் நான் இன்னும் முன்னாலேயே மாற்றுவேன். ஆயில் அளவையும் மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் பாருங்கள், அளவு குறைந்தால் முதலில் தடுமாறும் பாகங்களில் ஃபேசரும் ஒன்று.

செக் என்ஜின் லைட் எரிந்தால்

முதலில் ஸ்கேனர். ப்ளூடூத்தில் போனோடு இணையும் சின்ன ஓபிடி கருவி (காரில் பதிவான கோளாறு எண்களைப் படிப்பது) போதும். பி0011 என்றால் இன்டேக் கேம் தேவைக்கு மேல் முந்தி நிற்கிறது, பி0012 என்றால் பிந்தி நிற்கிறது. பி0014 என்றால் எக்ஸாஸ்ட் கேம் தேவைக்கு மேல் முந்தி நிற்கிறது. பி0010 சோலனாய்டின் மின் இணைப்புக் கோளாறு. பி0016 வந்தால் கவனம்: கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, செயின் நீண்டிருக்கலாம் அல்லது பல் தாண்டியிருக்கலாம், அந்த வண்டியை ஓட்டாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

பி0011, பி0012 வந்த உடனே ஃபேசர் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் பொறுங்கள். முதலில் ஆயில் அளவு, எந்த ஆயில், எப்போது மாற்றியது. அடுத்து சோலனாய்டு. போல்ட்டைக் கழற்றி, முன்னும் பின்னும் லேசாகத் திருப்பிக்கொண்டே இழுத்தால் ஓ-ரிங்கோடு வந்துவிடும். அதன் உடம்பில், அல்லது சில என்ஜின்களில் ஹெட்டில் தனி போல்ட்டுக்குப் பின்னால், நுண்ணிய கம்பி வலை ஒன்று இருக்கும். ஆயில் சரியாக மாற்றாத காரில் அந்த வலையில் கறுப்புப் பசை அப்பியிருக்கும், சில சமயம் வெள்ளிப் பொடி போல உலோகத் துகளும் மினுங்கும். பசை என்றால் கார்ப் க்ளீனர் அடித்துச் சுத்தம் செய்யலாம். துகள் என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் திரும்பப் போட வேண்டாம்.

சோலனாய்டைச் சோதிக்க மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். பல டொயோட்டா என்ஜின்களில் 20 டிகிரியில் 7 ஓம் அளவு காட்டும்; உங்கள் காருக்கு உரிய எண்ணை சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். முடிவில்லாமல் காட்டினால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. அப்புறம் ஃப்யூஸ் வைத்த வயரில் ஒரு நொடி மட்டும் 12 வோல்ட் கொடுங்கள், டக்கென்று உள்ளே இருக்கும் கம்பி நகர வேண்டும், எடுத்ததும் திரும்ப வேண்டும். தயங்கித் தயங்கி நகர்ந்தால் அது சிக்கிக்கொள்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் கோடு (பி0011 போன்ற கோளாறு எண்) வந்தால், மெக்கானிக்கிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். என்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது இன்டேக் சோலனாய்டின் கனெக்டரைக் கழற்றி, அதன் முனைகளுக்கு ஒரு நொடி நேரடியாக பேட்டரி மின்சாரம் கொடுக்க வேண்டும். கேம் முந்தி, ஓவர்லேப் கூடி, என்ஜின் உடனே உதறும் அல்லது அணைந்துவிடும். உதறினால் நல்ல செய்தி: ஆயில் போகிறது, ஃபேசர் நகர்கிறது, கோளாறு வயரிங்கிலோ சென்சாரிலோ இருக்கிறது. ஒன்றுமே ஆகாமல் அமைதியாக ஓடினால் ஆயில் வழி அடைத்திருக்கிறது அல்லது ஃபேசர் சிக்கியிருக்கிறது. பெரிய செலவுக்குச் சம்மதம் சொல்லும் முன் இந்த ஒரு நொடிச் சோதனையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். முடித்த பிறகு கனெக்டரை மாட்டி, கழற்றியதால் பதிவான கோடை அழித்துவிட வேண்டும்.

பழைய கார் வாங்கும்போது

கார் குளிர்ந்திருக்கும்போது போங்கள், நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் ஹெட் கவருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். பானெட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செயின் பக்கம் காதை வையுங்கள். முதல் ஓரிரு நொடி கரகரவென்று டப்பாவில் ஆணி உருட்டுவது போன்ற சத்தம் வந்து அப்புறம் மறைந்தால், நான் மேலே சொன்ன லாக் பின் தேய்ந்துவிட்டது, அல்லது செயின் டென்ஷனர் (செயினை இறுக்கி வைக்கும் பாகம்) தளர்ந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் பெரும்பாலும் செயின் கவர் திறக்க வேண்டிய வேலை, விலை பேசும்போது அதைக் கழித்தே பேசுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தேன் நிறப் பூச்சு பரவாயில்லை. தார் மாதிரி கட்டியாக இருந்தால் மேலே எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஸ்கேனர் மாட்டி, கோடு இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள், விற்பதற்கு முந்தின நாள் அழித்திருக்கலாம். கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு வரி இருக்கும், அது வெறும் 15 கிலோமீட்டர் என்று காட்டினால் ஏன் என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது செயலி அனுமதித்தால் கேம் கோணம், கேட்டது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது கேட்ட எண் தாவும், நின்ற எண் உடனே பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டும். சீரான வேகத்தில் போகும்போதும் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் விடாமல் நின்றால் அந்த விவிடி பேருக்குத்தான் இருக்கிறது.

ஃபேசர் மாற்றியே தீர வேண்டும் என்றால்

செயின், டென்ஷனர், கைடு எல்லாவற்றையும் அதோடு சேர்த்தே மாற்றுங்கள். கூலி ஒன்றுதான், புது ஃபேசரில் நீண்டுபோன பழைய செயினைப் போட்டால் கேம் தொடக்கத்திலிருந்தே தப்பான இடத்தில் நிற்கும். பழைய சோலனாய்டு வலையையும் சுத்தம் செய்து, புது ஆயிலும் ஃபில்டரும் போடச் சொல்லுங்கள். செயினில் நிறம் மாறிய கண்ணிகள் இருக்கும், அவை ஸ்ப்ராக்கெட் குறிகளோடு பொருந்தும்படி மாட்டி, ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் குறிகள் மறுபடி தத்தம் இடத்துக்கு வர வேண்டும். செயினின் நிறக் கண்ணிகள் அந்த நேரத்தில் குறிகளோடு சேராது, அது இயல்புதான், அதைப் பார்த்துத் திரும்பக் கழற்ற வேண்டாம். சுற்றும்போது எங்காவது முட்டி நின்றால் மட்டும் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள், பிஸ்டன் வால்வைத் தொடுகிறது.